சி/2014 யுஎன்271: 2014 படத்திலேயே இருந்த வால்நட்சத்திரத்தை 2021-ல்தான் பார்த்தார்களா?

அரைநிலா

ஒரு காணொளியில் பார்த்தேன், "இதுவரை கண்டதிலேயே பெரிய வால்நட்சத்திரம் பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, 2031-ல் வந்துவிடும்" என்கிறார்கள். பெயர் பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டைன், குறியீடு சி/2014 யுஎன்271. எனக்கு இரண்டு சந்தேகம். குறியீட்டில் 2014 என்று இருக்கிறது, ஆனால் செய்தி வந்தது 2021 ஜூனில். நடுவில் ஏழு வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள், தெரிந்தே சொல்லாமல் வைத்திருந்தார்களா? இரண்டாவது, வெறும் கண்ணுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் இப்போதிருந்தே தொலைநோக்கிக்குக் காசு சேர்க்க ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

வடமீன்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியாது. வெறும் கண்ணுக்கு மட்டுமல்ல, பைனாகுலருக்கும் தெரியாது. 2031 ஜனவரியில் சூரியனுக்கு மிக அருகில் வரும்போதே அது 10.9 வானியல் அலகு தூரத்தில் இருக்கும் (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்), சனியின் சராசரித் தூரமே 9.5 தான். அதாவது சனியின் பாதைக்கு வெளியிலேயே வளைந்து திரும்பிப் போய்விடும். "பூமியை நோக்கி" என்று தலைப்பு வைக்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள், மற்றவர்கள் 2031-ல் அண்ணாந்து பார்த்து ஒன்றும் இல்லாமல் ஏமாந்து, வால்நட்சத்திரம் என்றாலே இவ்வளவுதான் என்று விட்டுவிடுவார்கள்.

முதல் கேள்வி நல்ல கேள்வி. யாரும் எதையும் மறைக்கவில்லை. சிலியில் செர்ரோ டோலோலோ மலையில் 4 மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கி இருக்கிறது, அதில் 570 மெகாபிக்சல் கேமரா ஒன்றைப் பொருத்தி 2013 முதல் 2019 வரை டார்க் எனர்ஜி சர்வே என்ற திட்டத்தை நடத்தினார்கள். அவர்கள் தேடியது வால்நட்சத்திரத்தை அல்ல, பிரபஞ்சம் விரிவடையும் வேகம் ஏன் கூடுகிறது என்பதை. அதற்காகக் கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்களைப் படம் எடுத்தார்கள், மொத்தம் சுமார் 80,000 படங்கள். ஒவ்வொன்றும் 90 விநாடி போல. இந்தப் படங்களில் நமது சூரியக் குடும்பத்துப் பொருள்களும் குறுக்கே வந்து மாட்டியிருக்கும் அல்லவா, அவற்றைத் தனியே பொறுக்கி எடுக்கும் வேலையைத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெட்ரோ பெர்னார்டினெல்லி தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார், கேரி பெர்ன்ஸ்டைன் அவருடைய வழிகாட்டி. நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பொருள்களைத் தேடப் போனவர்களுக்கு, 32 புள்ளிகள் ஒரே பொருளுடையவை என்று கணினி கோத்துக் கொடுத்தது. இந்தத் தேடலுக்குச் செலவான கணினி நேரம் ஒன்றரை முதல் இரண்டு கோடி மணி நேரம். ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து செய்தவை.

அந்தப் புள்ளிகளில் முதலாவது 2014 அக்டோபரில் விழுந்தது. குறியீட்டில் 2014 வந்தது அதனால்தான். அப்போது அது 29 வானியல் அலகு தூரத்தில், கிட்டத்தட்ட நெப்டியூன் இருக்கும் தூரத்தில் இருந்தது. அறிவிப்பு வந்த பிறகு வேறொரு தொலைநோக்கியின் 2010 படத்திலும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள், அப்போது 34 அலகு.

கணக்கன்

குறியீட்டைப் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்கு இது பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். "சி" என்றால் திரும்பி வருவதை நாம் எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நீண்ட சுற்று. "யு" என்பது அக்டோபரின் பிற்பாதி, ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு எழுத்து, ஐ எழுத்தைத் தவிர்த்துவிடுவார்கள். அடுத்து வரும் "என்" பதின்மூன்றாவது எழுத்து, கூடவே உள்ள 271 என்பது 25 எழுத்துகளும் எத்தனை முறை சுற்றி முடிந்தன என்ற எண்ணிக்கை. 271 × 25 + 13 = 6788. அந்த அரை மாதப் படங்களிலிருந்து குறியீடு பெற்ற 6788-ஆவது பொருள் இது. 2021 ஜூன் 19-ல் அறிவித்தபோது வெறும் 2014 யுஎன்271 தான், வால்நட்சத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. சில நாளிலேயே மற்றவர்கள் தங்கள் தொலைநோக்கிகளைத் திருப்பிப் பார்த்து, சுற்றிலும் புகைபோல் ஒரு தலை இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் முன்னால் "சி/" சேர்ந்தது, இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்தது.

கார்த்திகைக்கூட்டம்

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இதை யார் கண்டுபிடித்தது என்று சொல்வது? படம் எடுத்தவர் அன்று அதைப் பார்க்கவில்லை, புள்ளிகளைக் கோத்தது கணினி, வால்நட்சத்திரம் என்று உறுதி செய்தது வேறு ஆட்கள். ஹேல்–பாப் வால்நட்சத்திரத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். 1995 ஜூலை 23 இரவு ஆலன் ஹேல் நியூ மெக்சிகோவில் தன் வீட்டு வாசலில், தாமஸ் பாப் அரிசோனாவில் நண்பருடைய தொலைநோக்கியில், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனுசு ராசியில் எம்70 என்ற விண்மீன் கொத்தைப் பார்க்கப் போய், பக்கத்தில் இருக்கக்கூடாத ஒரு மங்கல் இருப்பதைக் கண்டார்கள். ஹேல் மின்னஞ்சல் அனுப்பினார். பாப் தந்தி கொடுத்தார். பாப்பிடம் சொந்தமாகத் தொலைநோக்கிகூடக் கிடையாது. கண்டுபிடிப்பு என்றால் அதுதானே? ஒரு மனிதன் கண்ணை வைத்துப் பார்த்து, "இது இங்கே இருக்காதே" என்று திடுக்கிடுகிற அந்த நொடி.

வடமீன்

அந்தத் திடுக்கிடல் இதிலும் உண்டு, இடம்தான் மாறியிருக்கிறது. 32 புள்ளிகளுக்கும் பொருந்தும் பாதையை வரைந்து, அதன் சேய்மைத் தூரம், அதாவது சூரியனைவிட்டு அது போகும் அதிகபட்சத் தூரம், பல்லாயிரம் வானியல் அலகு என்று திரையில் வந்து நின்றபோது அந்த மாணவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஹேல்–பாப்பைக் கண்டபோது அது 7 அலகு தூரத்தில் இருந்தது, அன்றைக்கு அதுவே நம்ப முடியாத தூரம். அதுவும் பிறகு தேடியபோது 1993 படத்தில் கிடைத்தது, யாரும் கவனிக்காமல். ஆக அன்றும் படம் முதலில், கண் பிறகுதான். என்னைக் கேட்டால், பார்வையில் பட்டது கண்டுபிடிப்பாகிவிடாது, இது நகர்கிறது, இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று புரிந்த நொடிதான் கண்டுபிடிப்பு.

கார்த்திகைக்கூட்டம்

பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்த சர்வேயின் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன என்பதால் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன், அதை இங்கே சொல்ல வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இரவுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றி ஓடவிட்டேன். முதலில் எல்லாமே அசைவது போல் இருக்கும், காற்றோட்டம் வேறுபடுவதால் விண்மீன்கள் கொஞ்சம் வீங்கிச் சுருங்கும். கணக்குப்படி எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தைப் பெரிதாக்கினால், நான்கைந்து பிக்சல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. மறு படத்தில் அந்த இடம் காலி, கொஞ்சம் தள்ளி அதே திட்டு. பக்கத்தில் இருந்த ஒரு விண்மீன் மண்டலம் அதைவிடப் பிரகாசம். இடம் தெரியாமல் தேடியிருந்தால் ஆயிரம் வருடம் ஆனாலும் என் கண்ணுக்குப் பட்டிருக்காது. அன்று அதன் ஒளித்தரம் சுமார் 22 (இந்த எண் கூடக் கூட மங்கல்), நம் கண்ணுக்கு எட்டும் மிக மங்கலான விண்மீனைவிட 25 லட்சம் மடங்கு மங்கல்.

கணக்கன்

அந்த நகர்வு பெரும்பாலும் அதனுடையது அல்ல, நம்முடையது. பூமி ஓடுவதால்தான் அது இடம் மாறுவதாகத் தெரிகிறது. 29 அலகு தூரத்தில் உள்ள பொருள் மணிக்கு சுமார் 5 ஆர்க் விநாடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் விநாடி) நகரும், முழு நிலவின் அகலத்தைக் கடக்கப் பதினைந்து நாள் போல ஆகும். இந்த நகர்வின் அளவை வைத்துத்தான் தூரத்தையே கணக்கிடுகிறோம், எவ்வளவு மெதுவோ அவ்வளவு தூரம்.

அரைநிலா

தெளிவாகிவிட்டது, நன்றி அண்ணா. தொலைநோக்கிக் கனவு போயிற்று. ஆனால் அளவு? ஓரிடத்தில் 370 கி.மீ. என்கிறார்கள், ஓரிடத்தில் 120, ஓரிடத்தில் 137. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?

கணக்கன்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வால்நட்சத்திர ஆராய்ச்சியில் பாதிச் சிக்கல் இதுதான்.

நமக்குக் கிடைப்பது வெளிச்சம் ஒன்றுதான். ஒரு பொருள் மங்கலாகத் தெரிகிறது என்றால் அது சின்னதாக, வெள்ளையாக இருக்கலாம், அல்லது பெரிதாக, கறுப்பாக இருக்கலாம். இரண்டும் ஒரே அளவு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். அதற்கு மேல், கருவை, அதாவது நடுவில் உள்ள திடப்பொருளை, சுற்றித் தூசி கிளம்பிவிட்டால் அந்தத் தூசியும் ஒளியைத் திருப்பி அனுப்பும், நாம் அதையும் கருவின் கணக்கில் சேர்த்துவிடுவோம். ஆரம்பத்தில் 370 வரை போனது இப்படித்தான்.

இதை இரண்டு வழியில் சரி செய்தார்கள். 2022 ஜனவரி 8-ல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி ஐந்து படங்கள் எடுத்தது. மான்-டோ ஹுய், டேவிட் ஜூவிட் குழுவினர் சுற்றியுள்ள தூசித் தலையின் ஒளி நடுவை நோக்கி எப்படி ஏறுகிறது என்று ஒரு மாதிரி அமைத்து, அதைப் படத்திலிருந்து கழித்தார்கள். நடுவில் மிஞ்சிய கூர்மையான புள்ளிதான் கரு. இன்னொரு வழி வெப்பம். சிலியின் அல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசை 2021 ஆகஸ்டிலேயே அதன் வெப்பக் கதிர்வீச்சை அளந்திருந்தது. கறுப்புப் பொருள் ஒளியைக் குறைவாகத் திருப்பினாலும் வெப்பத்தை மறைக்க முடியாது, எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெப்பம் வரும். இரண்டையும் சேர்த்தால் அளவும் கிடைக்கும், கறுப்பும் கிடைக்கும். அல்மா குழு 137 கி.மீ. என்றது, பிழை 17. ஹப்பிள் குழு 119 என்றது, பிழை 15. பிழை எல்லைக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன. விழும் ஒளியில் 3 முதல் 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, கரியைவிடக் கறுப்பு.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மலைப்பு வரும். ஹேலியின் கரு நீளவாக்கில் 15 கி.மீ., ஹேல்–பாப் சுமார் 60. வழக்கமாக நாம் பார்க்கும் வால்நட்சத்திரங்களின் கரு சில கிலோமீட்டர்தான். 5 கி.மீ. கருவோடு ஒப்பிட்டால் இதன் கன அளவு பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

இரவுவிழிப்பு

இழையை இன்றுதான் பார்த்தேன். ஹேல்–பாப் பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1997 மார்ச், ஏப்ரல் மாத மாலைகளில் அதைப் பார்த்தவன் நான். இருட்டு முழுசாக இறங்கும் முன்பே வடமேற்கில் தலை தெரிந்துவிடும், பிறகு வால் மெல்ல மெல்ல "வளரும்", உண்மையில் வளர்வது வால் அல்ல, நம் கண் இருட்டுக்குப் பழகுகிறது. இரண்டு வால். வெளிறிய மஞ்சளில் வளைந்து கிடந்தது தூசி வால், அதற்குப் பக்கத்தில் நேராக, நீலமாக ஒன்று, அது வாயு. நீல வாலை நேராக உற்றுப் பார்த்தால் காணாமல் போகும், கொஞ்சம் ஓரப் பார்வையாகப் பார்த்தால் திரும்ப வரும். பக்கத்தில் நின்றவர்களுக்கு அதைப் புரியவைக்கத்தான் நான் பாடுபட்டேன், "பார்க்காதே, பார்க்காமல் பார்" என்று. மூன்றாவதாகச் சோடியம் வால் ஒன்று இருந்ததைத் தொலைநோக்கிக்காரர்கள் அந்த ஆண்டுதான் கண்டார்கள். பதினெட்டு மாதம் வெறும் கண்ணுக்குத் தெரிந்த வால்நட்சத்திரம் அது.

இப்போது என் கேள்வி. அதைவிட இரண்டு மடங்கு பெரிய ஒன்று வருகிறது, ஆனால் யாராலும் பார்க்க முடியாது என்கிறீர்கள். பார்க்க முடியாத ஒன்றுக்கு ஏன் இத்தனை ஆர்வம்? குறையாகக் கேட்கவில்லை, எனக்குப் புரிய வேண்டும்.

வடமீன்

ஐயா, உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது, நான் அப்போது கைக்குழந்தை. ஆர்வத்துக்குக் காரணம் சொல்கிறேன்.

வால்நட்சத்திரம் என்றால் அழுக்குப் பனிப்பந்து, சூரியன் பக்கம் வந்ததும் பனி ஆவியாகித் தலையும் வாலும் உண்டாகும் என்று படித்திருக்கிறோம். அந்தப் பனி தண்ணீர்ப் பனி. தண்ணீர்ப் பனி நன்றாகப் பதங்கமாக வேண்டும் என்றால் சுமார் 3 வானியல் அலகுக்குள் வர வேண்டும், அதற்கு வெளியே அது கல் மாதிரிதான். ஆனால் இந்த ஆள் 2021-ல் 20 அலகு தூரத்தில், யுரேனஸ் தூரத்தில், தலையோடு இருந்தார். அங்கே வெப்பநிலை மைனஸ் 210 டிகிரி செல்சியஸ் போல. பிறகு டெஸ் செயற்கைக்கோளின் பழைய படங்களைத் துழாவினார்கள். அது வேறு விண்மீன்களின் கோள்களைத் தேடும் கருவி, பிக்சல்கள் மிகப் பெரியவை, அடையாளம் காண்பதே கடினம். ஆனாலும் பல படங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது 2018-ல், 23.8 அலகு தூரத்திலேயே, தலை இருந்திருக்கிறது. அந்தக் குளிரில் எது ஆவியாகும்? தண்ணீர் இல்லை. கார்பன் மோனாக்சைடு மாதிரி மிகக் குறைந்த வெப்பத்திலேயே பறந்துவிடும் பனிதான். இது வெறும் ஊகமாகவும் நிற்கவில்லை, 2024 மார்ச்சில் 16.6 அலகு தூரத்தில் இருந்தபோது அல்மா அதன் கருவிலிருந்து கார்பன் மோனாக்சைடு தாரைகளாகப் பீறிடுவதைப் பதிவு செய்தது.

சூரியக் குடும்பம் உருவானபோது உறைந்த பனி பெரிய மாற்றம் இல்லாமல் உள்ளே கிடக்கிறது. சூரியனிடம் நெருங்கி வரும் வால்நட்சத்திரங்களில் இந்த மெல்லிய பனி மேல்பரப்பிலிருந்து எப்போதோ போயிருக்கும், மிஞ்சியதைத்தான் படிக்கிறோம். ஹேல்–பாப் விலகிப் போய் 25.7 அலகு தூரத்திலும் இன்னும் புகைந்துகொண்டிருந்ததை 2007-ல் பார்த்தார்கள். ஆனால் அது போகும் வழி. இதுவோ வரும் வழி, ஒரு பெரிய வால்நட்சத்திரம் எப்படி விழித்துக்கொள்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறோம். தூமகேது என்று நம் ஆட்கள் வைத்த பெயருக்குப் புகையைக் கொடியாக உடையது என்று பொருள். இதற்குக் கொடி ரொம்பச் சின்னது, புகை மட்டும் 24 அலகு தூரத்திலேயே கிளம்பிவிட்டது.

கணக்கன்

வடமீன் சொன்னதோடு இன்னொன்று, இதை நானே பேனா பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஹப்பிள் செய்தியில் நிறை 500 டிரில்லியன் டன் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆரம் 60 கி.மீ. என்று வைத்தால் விடுபடு திசைவேகம், அதாவது அதன் ஈர்ப்பைவிட்டுத் தப்பத் தேவையான வேகம், நொடிக்கு சுமார் 33 மீட்டர் வருகிறது, அதாவது மணிக்கு 120 கி.மீ. ரோசெட்டா விண்கலம் போன 67பி வால்நட்சத்திரத்தில் இது நொடிக்கு 1 மீட்டர்தான், அங்கே நின்று ஒரு குதி குதித்தால் போய்விடுவீர்கள். இங்கே அப்படி இல்லை. அந்த வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் பறக்கும், அதனால் வாயு தாராளமாகத் தப்பிவிடும், அதோடு ஒட்டிக்கொண்டு கிளம்பும் மெல்லிய தூசியும் தப்பும். ஆனால் கொஞ்சம் கனமான துகளை அந்த மெல்லிய வாயுவால் அவ்வளவு வேகத்துக்குத் தள்ள முடியாது, மேலே போய்த் திரும்ப விழுந்துவிடும். ஆக இந்த வால்நட்சத்திரத்தின் மேற்பரப்பில் அதுவே கிளப்பிய தூசி அதன்மேலேயே படிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். வால்நட்சத்திரத்துக்கும் குட்டிக் கோளுக்கும் நடுவில் ஒரு பிறவி மாதிரி.

அரைநிலா

இது எனக்குத் தோன்றவே இல்லை! இன்னொரு சந்தேகம், இதோடு நிறுத்திக்கொள்கிறேன். சுற்றி வர 30 லட்சம் ஆண்டு என்று ஓரிடத்தில், 45 லட்சம் என்று ஓரிடத்தில். எது சரி?

கணக்கன்

இரண்டுமே. வரும் பாதை ஒன்று, போகும் பாதை வேறு. உள்ளே வரும்போது அதன் சேய்மைத் தூரம் சுமார் 40,000 வானியல் அலகு, அதற்கு 30 லட்சம் ஆண்டு. கோள்களுக்கு நடுவில் வரும்போது அவற்றின் ஈர்ப்பு ஒரு சின்னத் தள்ளு கொடுக்கும், அதனால் போகும்போது 55,000 அலகு வரை போகும், 45 லட்சம் ஆண்டு. 55,000 என்பது ஒளியாண்டில் 0.87. இவ்வளவு நீட்டமான பாதையில் கொஞ்சம் தட்டினாலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மாறிவிடும். ஹேல்–பாப்புக்கும் இதுதான், 1996 ஏப்ரலில் வியாழன் பக்கம் போனதால் 4200 ஆண்டுச் சுற்று 2500 போலச் சுருங்கிவிட்டது. ஒன்றுக்கு நீண்டது, ஒன்றுக்குச் சுருங்கியது.

இந்த 40,000, 50,000 எண்கள்தான் 1950-ல் யான் ஊர்ட் என்ற வானியலாளரை யோசிக்க வைத்தவை. வெறும் 19 வால்நட்சத்திரங்களின் பாதையை வைத்து, இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்திலிருந்து வருகின்றன, அங்கே ஒரு பெரிய கூட்டமே இருக்க வேண்டும் என்றார். அந்தக் கூட்டத்தை இன்றுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை, அங்கிருந்து வரும் விருந்தாளிகளை வைத்துத்தான் தெரியும். எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள் என்பதற்கு இதுவே சாட்சி, கோள்களின் தளத்துக்கு 95 டிகிரி சாய்வு, கிட்டத்தட்ட செங்குத்து.

முந்தைய வருகை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது 17, 18 அலகுக்குள் வரவில்லை என்று கண்டுபிடித்தவர்களின் முதல் கணக்கு சொல்கிறது. இந்த முறைதான் இவ்வளவு சூடு படப்போகிறது. சூடு என்றாலும் பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் 120-ல் ஒரு பங்குதான்.

இரவுவிழிப்பு

புரிந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 2031-ல் எனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது அங்கே இருக்கிறது என்று தெரியும்.

அரைநிலா தம்பி, நீங்கள் தொலைநோக்கிக் கனவை விட்டுவிட வேண்டாம். நீண்ட சுற்று வால்நட்சத்திரங்களில் பலதும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. 1996 ஜனவரிக் கடைசியில் ஹியாகுடாகே என்ற ஜப்பானியர் பெரிய பைனாகுலரில் ஒன்றைக் கண்டார், மார்ச் 25-ல் அது பூமிக்கு 0.1 அலகு தூரத்தில் கடந்து போனது. இரண்டு மாதம்கூட இல்லை. 2020-ல் நியோவைஸ் மார்ச்சில் கிடைத்து ஜூலையில் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மாதிரி ஒன்று வரும்போது கையில் பழகிய கருவி இருக்க வேண்டும், அன்றைக்குப் போய் வாங்கி ஓரப் பார்வை பழக நேரம் இருக்காது.

அரைநிலா

அப்படியானால் என்ன வாங்கட்டும் ஐயா?

இரவுவிழிப்பு

தொலைநோக்கி பிறகு. முதலில் 10×50 பைனாகுலர், அதை நிறுத்திப் பிடிக்க ஒரு முக்காலி. நிலவில்லாத இரவில் ஆண்ட்ரோமெடா மண்டலத்தைத் தேடிப் பழகுங்கள், அதன் நடுப்பகுதி பைனாகுலரில் மங்கலான நீள்வட்டமாகத் தெரியும், ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாது. கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் அது இரண்டு மடங்கு நீளும். வால் இல்லாத புது வால்நட்சத்திரம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், என்ன, மறுநாள் அது அதே இடத்தில் இருக்காது.